பாரம் குறைந்த ஸ்கீயும் கூடிப்போன துணிவும்

கனநாளாக எழுதவேண்டும் என்று நினைத்திருந்த விசயம். பரீட்சை முடிந்தபிறகுதான் நேரம் கிடைத்தது.

கல்கரிக்கு மேற்கே இருக்கிற றொக்கி மலைகளில் லிஃப்ட் இல்லாமல், சொந்தக் காலாலேயே ஏறிச் சறுக்கி இறங்குகிற பழக்கம் எனக்கும் என் நண்பனுக்கும் மூன்று வருடமாக இருக்கிறது. ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' என்கிற நீளப் பட்டியை ஒட்டிக்கொண்டு ஏறவேண்டும். அதன் மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருப்பதால் முன்னுக்கு வழுக்கும், பின்னுக்கு வழுக்காது. முந்தி கடல்நாய்த் தோலில் செய்தார்கள், இப்போது நைலோனும் ஆட்டுமயிரும். நாலு மணித்தியாலம் ஏறி இருபது நிமிடத்தில் இறங்கி முடிக்கிற விளையாட்டு. அம்மாவுக்கு இன்றுவரை இது விளங்கவில்லை :-)

என்னுடைய பழைய ஸ்கீ ஒன்று 1,900 கிராம். அதில் பூட்டியிருக்கிற பைண்டிங் ஒரு சட்டம் மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் குதியோடு சேர்ந்து அதுவும் எழும்பும். அது ஒரு 1,200 கிராம். போன மாசியில் இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்த புதுச் சோடியில் ஸ்கீ 1,250, பைண்டிங் 350. இந்தச் சின்ன பைண்டிங் 1980களில் ஒஸ்ரியாக்காரர் ஃபிரிட்ஸ் பார்தெல் யோசித்தது. சப்பாத்தின் நுனியில் பக்கத்துக்கு ஒரு குழி, அதை இரண்டு ஊசிகள் கவ்விப் பிடிக்கும். ஏறும்போது குதி மட்டும்தான் எழும்பும், பைண்டிங் ஸ்கீயிலேயே கிடக்கும். பாரம் குறைந்ததற்கு ஸ்கீயைவிட இந்த ஊசிகள்தான் கூடக் காரணம் என்பது என் கட்சி.

கொமர்ஸ் படிக்கிறவன் கணக்குப் போடாமல் இருப்பானா? ஒரு காலுக்கு 1,500 கிராம் மிச்சம். ஒரு நாளில் ஒரு காலுக்கு ஐயாயிரம் அடி என்று வைத்தால் ஏழரைத் தொன்! பெருமையாக நண்பனிடம் சொன்னேன். "மச்சான், நாங்கள் ஸ்கீயைத் தூக்கிறேல்லை, இழுக்கிறம்" என்றான். சரிதான். கணக்குப் பிழை. ஆனால் கால் அந்தப் பிழையான கணக்கைத்தான் நம்பியது. போ சமிற்றில் நாங்கள் வழக்கமாக ஒரு மணிக்குப் போய்ச் சேருகிற இடத்துக்குப் பதினொன்றரைக்கே போய்விட்டோம். மூச்சு வாங்கவில்லை. தேத்தண்ணிகூடச் சூடு ஆறவில்லை.

இறங்கினபோதுதான் வேறு கதை. மரங்களுக்கு நடுவே மெத்தென்ற தூளில் அருமையாகப் போனது. வெளியே காற்றடித்து மேலோடு இறுகின இடத்துக்கு வந்ததும் நுனி அங்கேயும் இங்கேயும் தட்டுப்பட்டு ஓடியது. பாரமான ஸ்கீக்குள் பலமான மரமும் அலுமினியக் கலப்புத் தகடும் இருக்கும், அதிர்வை அது தின்றுவிடும். இலேசான ஸ்கீக்குப் பவுலோனியா போன்ற மென்மரமும் கார்பன் நாரும். விறைப்பு இருக்கிறது, கனம் இல்லை. பனிக்கட்டி தள்ளினால் தள்ளுப்படும். இரண்டு தரம் விழுந்தேன். ஏறும்போது மிச்சம் பிடித்ததில் கொஞ்சத்தை முழங்கால் திருப்பிக் கட்டியது.

இதெல்லாம் எல்லாரும் சொல்கிறதுதான். நான் சொல்ல வந்தது இரண்டாவது ஏற்றம்.

எங்கள் திட்டம் ஒரே ஒரு தரம் ஏறி இறங்குவது. பன்னிரண்டு மணிக்குக் கீழே நிற்கிறோம், கால் நோகவில்லை. "இன்னொருக்கா ஏறுவமா? அந்த வெளிச்சரிவுப் பக்கம்?" என்றான். அன்றைய பனிச்சரிவு அபாய அளவு ஐந்தில் மூன்று, 'கணிசமானது'. காலையில் காருக்குள் இருந்து வாசித்தபோது அந்தப் பக்கம் போவதில்லை என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். இப்போது அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பழைய ஸ்கீயாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, காருக்குள் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்போம். இத்தனை நாளும் எங்களைக் காப்பாற்றியது எங்கள் புத்தி என்று நினைத்திருந்தேன். பாதியாவது களைப்புத்தான்.

மரங்கள் முடிகிற இடத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம். காலுக்குக் கீழே "வும்ப்" என்று ஒரு சத்தம், நிலம் ஒரு தரம் இறங்கின மாதிரி. றொக்கியில் பனி ஆழம் குறைவு, குளிர் அதிகம். அதனால் அடிப்படை சீனி மாதிரிப் பொலபொலத்துக் கிடக்கும். அதற்கு மேல் இறுகின தட்டு. சத்தம் என்றால் சீனி நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். நாங்கள் நின்ற இடம் சாய்வு குறைவு, அதனால் ஒன்றும் ஓடவில்லை. இருபது மீற்றர் மேலே சரிவு முப்பது பாகைக்கு மேல். அங்கே நின்றிருந்தால்? பேசாமல் திரும்பி, ஏறின தடத்திலேயே மரத்துக்குள் இறங்கினோம். நண்பனின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, அவனுக்கும் அப்படித்தானாம்.

2003 பெப்ரவரி 1இல் றோஜேர்ஸ் பாஸ் அருகே பனிச்சரிவில் கல்கரிப் பக்கத்துப் பள்ளி மாணவர்கள் ஏழு பேர் இறந்தார்கள். எல்லாரும் பத்தாம் வகுப்பு. இந்த ஊரில் ஸ்கீ ஏறுகிற யாருக்கும் அந்தக் கதை தெரியும். எங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் போனோம்.

அதனால் இலேசான ஸ்கீ கூடாது என்கிறேனா? இல்லை. 2026 ஒலிம்பிக்கில் ஸ்கீ மலையேற்றம் முதன்முறையாக வந்தது, அந்தப் போட்டிக்காரர்களின் ஸ்கீ ஒன்று ஒரு கிலோவுக்கும் குறைவு. அவர்கள் ஓடுகிற பாதையை முதலே பார்த்துப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். நாங்கள் போகிற இடத்தில் அப்படி ஒருத்தரும் இல்லை.

கடையில் எல்லாப் பேச்சும் கிராமில்தான். எனக்கு 1,700 டொலர் சொன்னார்கள், ஸ்கீயும் பைண்டிங்கும் சேர்த்து. இரண்டு காலுக்கும் 3,000 கிராம் மிச்சம், கிராமுக்கு ஐம்பத்தேழு சதம். மோசமில்லை. அதைவிட இலேசானது வேண்டுமென்றால் கடைசி முன்னூறு கிராமுக்குக் கிராம் இரண்டு டொலருக்கு மேல். என் நண்பன் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அதே ஆளின் கழுத்தில் தொங்குகிற பீக்கன் அவன் அண்ணா பாவித்த பழசு, ஒற்றை அன்ரெனா. பனிக்குள் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்கவேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவன் என்னைத் தேடப்போவது அந்தப் பெட்டியால்! பாரம் குறையட்டும் என்று பிளாஸ்ரிக் சவல் வேறு. பனிச்சரிவு நின்றதும் சீமெந்து மாதிரி இறுகும், அதில் பிளாஸ்ரிக் உடையும். இவ்வளவு நாளும் இதை நான் அவனிடம் கேட்கவில்லை என்பதும் என் பிழைதான்.

திரும்பி வரும்போது கான்மோர் தாண்டித்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீ மட்டும் ஏன் அண்டைக்கு வேண்டாம் எண்டு சொல்லேல்லை?" என்றான்.

ஊசி பைண்டிங் வாங்கியாயிற்று, பாவித்த சோடி. ஸ்கீ 1,450 கிராம், இலேசும் இல்லை பாரமும் இல்லை. அவன் மூன்று அன்ரெனா பீக்கனும் அலுமினியச் சவலும் வாங்கியிருக்கிறான், கார்பன் ஸ்கீ இந்த வருடம் இல்லையாம். மார்கழியில் இரண்டு நாள் பனிச்சரிவு வகுப்புக்கு இரண்டு பேரும் பெயர் கொடுத்திருக்கிறோம். அவனுடைய கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.