கோமாளியின் எட்டு ஆண்டுகள்

இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் ஐஸ் ஹாக்கியைப் பற்றி எழுதுபவர் முதலில் ஒரு மன்னிப்பைக் கேட்டுக்கொள்வது மரபு. நான் கேட்கப்போவதில்லை. ஏனெனில் நான் எழுத வந்தது ஆட்டத்தைப் பற்றி மட்டுமல்ல. ஒரு வாக்கியத்தைப் பற்றியும்தான். "விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்ற அந்த வாக்கியத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நம்மில் பலர் அதைச் சொல்லியும் இருக்கிறோம். கேட்பதற்கு அது ஞானம்போல் ஒலிக்கிறது. ஹெல்சிங்கி நகரில் ஒரு விளையாட்டுக் கழகம் அந்த வாக்கியத்தை நம்பி எட்டுப் பருவங்களைக் கழித்தது. அதன் விலை என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

அந்தக் கழகத்தின் பெயர் யோகெரிட். ஃபின்னிய மொழியில் 'ஜோக்கர்கள்' என்று பொருள். 1967-இல் தொடங்கப்பட்டது. அதன் சின்னம் மணிகட்டிய குல்லாய் அணிந்த ஓர் அரசவைக் கோமாளியின் முகம். யாரி குர்ரி அங்கிருந்துதான் புறப்பட்டார். தேமு செலானேயும் அங்கிருந்துதான். செலானே 1992-93 பருவத்தில் அமெரிக்கா-கனடாவின் என்.எச்.எல். தொடரில் தம் முதல் ஆண்டிலேயே 76 கோல்கள் அடித்தார். யோகெரிட் ஆறு முறை ஃபின்லாந்தின் சாம்பியன். எதிரே, அதே நகரத்தில், 1897-இல் பிறந்த ஹெச்.ஐ.எஃப்.கே. என்ற பழைய கழகம். ஸ்வீடிஷ் மொழி பேசுவோரின் சங்கமாகத் தொடங்கிய வரலாறு அதற்கு உண்டு. இவ்விரண்டும் மோதும் நாளில் ஹெல்சிங்கி இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு நகரம் தன்னோடு தானே பேசிக்கொள்ள அப்படி ஒரு பிரிவினை தேவைப்படுகிறது. ஆட்டம் முடிந்ததும் அடுத்த மோதல் வரை பேசிக்கொள்ள ஏதேனும் இருக்கும்.

1975-இல் தொடங்கிய ஃபின்லாந்தின் முதல்நிலைத் தொடரை நெடுங்காலம் எஸ்.எம்.-லீகா என்று அழைத்தார்கள்; இப்போது வெறும் லீகா. செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரை முதற்கட்ட ஆட்டங்கள். பிறகு வெளியேற்றச் சுற்றுகள். வெல்பவருக்குக் கிடைப்பது கனடாக் கிண்ணம். கனடாவில் குடியேறிய ஃபின்லாந்தியர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பிய அன்பளிப்பு அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தத் தொடரின் உச்சப் பரிசை யாரும் விலைக்கு வாங்கவில்லை, பிரிந்து போனவர்கள் கொடுத்தார்கள்.

2013 ஜூன் இறுதியில் ஒரு செய்தி வந்தது. யோகெரிட் லீகாவை விட்டு விலகி, ரஷ்யாவை மையமாகக் கொண்ட கே.ஹெச்.எல். தொடரில் சேரப் போகிறது. கழகத்தைத் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து நடத்திவந்த ஹ்யாலிஸ் ஹர்கிமோ, 1997-இல் திறக்கப்பட்ட பெரிய அரங்கத்தையும் கழகத்தின் பங்குகளில் ஏறத்தாழ பாதியையும் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் கென்னடி திம்சென்கோவும் ரோட்டன்பெர்க் குடும்பத்தாரும். ரஷ்ய அதிபருக்கு மிக நெருக்கமான செல்வந்தர்கள் என்று உலகம் அறிந்த பெயர்கள் இவை.

அப்போது சொல்லப்பட்ட நியாயங்களை நான் கேலி செய்யவில்லை. அன்று ஐம்பத்தைந்து லட்சம் மக்கள்கூட இல்லாதிருந்த ஒரு நாட்டில் தொழில்முறை ஹாக்கி நடத்துவது எளிதல்ல. ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்பூ நகரின் ப்ளூஸ் கழகம் 2016-இல் திவாலானதே அதற்குச் சான்று. பெரிய அரங்கம், பெரிய செலவு, சிறிய சந்தை. கே.ஹெச்.எல்.-இல் பணம் இருந்தது. ஆட்டத்தின் தரமும் உயர்ந்தது. ஹர்கிமோ இல்லாவிட்டால் அந்தக் கழகம் தொண்ணூறுகளின் சாம்பியன் பட்டங்களைக் கண்டிருக்குமா என்பதும் நியாயமான கேள்வி. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு நாள்காட்டி மிஞ்சுகிறது. என் வாதம் முழுவதும் அந்த நாள்காட்டியில்தான் இருக்கிறது.

2014 மார்ச் 18 அன்று ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டது. மார்ச் 20 அன்று அமெரிக்கா வெளியிட்ட தடைப் பட்டியலில் திம்சென்கோவின் பெயரும் ரோட்டன்பெர்க் சகோதரர்களின் பெயர்களும் இருந்தன. யோகெரிட் தன் முதல் கே.ஹெச்.எல். ஆட்டத்தை ஆடியது அந்த ஆண்டு செப்டம்பரில். இடையில் ஏறத்தாழ ஆறு மாதங்கள். அதே வசந்தத்தில் பிராக் நகரின் லெவ் அணி கே.ஹெச்.எல். இறுதிப் போட்டி வரை சென்று, கோடையில் பணமின்றித் தொடரைவிட்டே விலகியிருந்தது. இந்தப் பணம் எப்படி வரும், எப்படி நிற்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை. ஆகவே, "எங்களுக்குத் தெரியாது" என்று 2022-இல் யாராவது சொன்னால் அதை ஏற்பதற்கில்லை. ரஷ்யாவுடன் 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை கொண்ட நாடு ஃபின்லாந்து. அங்கே அண்டை வீட்டாரின் குணம் தெரியாது என்பது நம்பத்தகுந்த சாக்கு அல்ல.

யோகெரிட் இல்லாத முதல் லீகா பருவம் 2014-15. காலியான இடத்துக்கு வந்தது மேற்குக் கடற்கரை நகரமான வாசாவின் ஸ்போர்ட் கழகம். இந்தக் கிளைக்கதையை விரைந்து கடந்துவிட முடியாது. எஸ்.எம்.-லீகாவின் முதல் பருவமான 1975-76-இல் ஆடித் தரமிறங்கிய கழகம் ஸ்போர்ட். திரும்பி வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. இரண்டாம் நிலைத் தொடரான மெஸ்டிஸை 2009, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் வென்றும் அதனால் மேலேற முடியவில்லை. களத்தில் மூன்று முறை சாம்பியனான போதும் திறக்காத கதவு, ஹெல்சிங்கியில் ஒரு கையெழுத்து விழுந்ததும் திறந்தது. வாசாவின் ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த மகிழ்ச்சியின் அடியில் ஓர் அவமதிப்பு இருக்கிறது. நீங்கள் வென்றதால் வரவில்லை, வேறொருவர் விற்றதால் வந்தீர்கள் என்ற அவமதிப்பு.

இங்கே லீகாவையும் குற்றக்கூண்டில் நிறுத்தியாக வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு அது தன் கதவை மூடிக்கொண்டது. இடையில் சில ஆண்டுகள் தகுதிச் சுற்றுக்குத் திறந்துவிட்டு மறுபடியும் மூடியது. ஓலு நகரின் கார்பட் கழகம் கீழ்நிலைத் தொடர்களில் தவித்து, கதவு மூடப்படும் தறுவாயில், 2000-இல் மேலேறி வந்தது. பிறகு 2004, 2005, 2007, 2008 என நான்கு பட்டங்களை வென்றது. யோகெரிட் இல்லாத அந்த 2014-15 பருவத்தின் சாம்பியனும் அதுவே. சிலகாலம் முன்னதாகவே கதவு சாத்தப்பட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆடிப் பெறும் இடம் கழகத்தின் உழைப்பு. உரிமப் பத்திரத்தால் பெறும் இடம் ஒரு சொத்து. சொத்து என்று ஆனபின் அதை விற்பதும் கைவிடுவதும் சொத்துக்காரரின் விருப்பம். யோகெரிட் போனதை வருந்தியவர்கள், போகும்படியான தர்க்கத்தைத் தாங்களே கட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை.

இனி அந்த வாக்கியத்துக்கு வருவோம்.

2020 ஆகஸ்டில் பெலாரூஸ் தேர்தலுக்குப் பின் மக்கள் வீதிக்கு வந்தார்கள், அடித்து ஒடுக்கப்பட்டார்கள். யோகெரிட்டின் பருவத் தொடக்க ஆட்டம் செப்டம்பர் 3 அன்று மின்ஸ்க் நகரில். ஃபின்லாந்தில் எதிர்ப்பு எழுந்தது. அணி மின்ஸ்க் செல்லவில்லை. கே.ஹெச்.எல். என்ன செய்தது? 5-0 என்ற கணக்கில் யோகெரிட் தோற்றதாகப் பதிவு செய்தது.

அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பாருங்கள். மனசாட்சிப்படி ஒரு நாள் நடந்துகொண்டதற்கு ஐந்து கோல்கள். விளையாட்டில் அரசியல் இல்லை என்று சொன்ன அதே அமைப்பு, அரசியலுக்கு மதிப்பெண் போட்டுக் காட்டியது. அரசியலை விலக்கி வை என்று நமக்குச் சொல்லப்படும்போதெல்லாம் உண்மையில் கேட்கப்படுவது ஒன்றுதான்: எங்கள் அரசியல் உள்ளே இருக்கட்டும், உங்கள் ஆட்சேபம் வெளியே நிற்கட்டும். அரங்கை வாங்கிய பணம் அரசியல். அணியை அழைத்த தொடர் ஓர் அரசின் பெருமிதத் திட்டம். இவை உள்ளே வரும்போது யாரும் கதவை அடைக்கவில்லை. மின்ஸ்க் வீதிகளில் அடிபட்டவர்களுக்காக ஓர் ஆட்டத்தைத் தவிர்த்தபோது மட்டும் விதிநூல் திறக்கப்பட்டது.

அதற்குப் பிறகும் யோகெரிட் அந்தத் தொடரிலேயே ஒன்றரைப் பருவம் ஆடியது. என் கோபம் இங்கேதான். தெனாலிராமனை அறிந்த நமக்கு அவைக் கோமாளியின் வேலை என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசனின் முகத்துக்கு நேரே மற்றவர் சொல்ல அஞ்சுவதைச் சொல்லும் உரிமை அவனுக்கு மட்டுமே உண்டு. அந்த முகத்தைச் சட்டையில் தைத்துக்கொண்ட ஒரு கழகம், எட்டுப் பருவங்களில் ஒரே ஒரு முறை வாய் திறந்தது. தண்டனை கிடைத்ததும் மீண்டும் அவையில் உட்கார்ந்துகொண்டது.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது முழுப் படையெடுப்பு தொடங்கியது. மறுநாள் யோகெரிட் விலகியது. வெளியேற்றச் சுற்றில் ஸ்பார்டாக் மாஸ்கோவைச் சந்திக்க வேண்டிய அணி அது. ஆடாமலேயே பருவத்தை முடித்துக்கொண்டது. சரியான முடிவு, காலம் கடந்த முடிவு. அரங்கத்தின் பெயரில் இருந்த பான நிறுவனம் தன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உரிமையாளர்கள் மீது ஐரோப்பியத் தடைகள் விழுந்தன. நாட்டின் தலையாய உள்ளரங்கம் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. 2022-23 பருவத்தில் யோகெரிட்டுக்கு ஆடவர் முதன்மை அணியே இல்லை.

நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார்: "உலகெங்கும் கழகங்களின் பணம் இப்படித்தான் வருகிறது. இங்கிலாந்தின் கால்பந்தைப் பார். சிறிய நாட்டின் சிறிய கழகத்தை மட்டும் ஏன் அடிக்கிறாய்?" உண்மைதான், மற்றவையும் அப்படியே. ஆனால் பலரும் செய்வதால் ஒரு தவறு வழக்கமாகலாம்; நியாயமாகாது. மேலும் சிறிய கழகத்தில்தான் விளைவு அப்பட்டமாகத் தெரிகிறது. பெரிய கழகங்களின் பணச்செழிப்பு தழும்பை மறைத்துவிடும். இங்கே மறைக்க எதுவும் மிஞ்சவில்லை.

2023 இலையுதிர்காலத்தில் யோகெரிட் மெஸ்டிஸில் மறுபடி ஆடத் தொடங்கியது. பெரிய நகரம், பெரிய பெயர், நிறைய ரசிகர்கள். அதனால் நேரே லீகாவில் சேர்த்துவிட வேண்டும் என்ற குரல்கள் அப்போதே எழுந்தன. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாசாவுக்கு நாற்பது ஆண்டு காத்திருப்பு நியாயம் என்றால், ஹெல்சிங்கிக்கு மட்டும் வரவேற்பறை எதற்கு? கீழிருந்து ஆடி ஏறுவதைத் தண்டனை என்று நான் கருதவில்லை. விற்கப்பட்ட ஒன்றைத் திரும்பச் சம்பாதிக்க இருக்கும் ஒரே கண்ணியமான வழி அது. லீகாவும் தன் பங்குக்கு அந்த வழியை எல்லோருக்கும் நிரந்தரமாகத் திறந்து வைக்கவேண்டும்.

கழகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. பங்குப் பத்திரத்தைக் காட்டும். 2022-23 பருவம் இன்னொரு பதிலைக் காட்டியது. பணம் போட்டவர்கள் போய்விட்டார்கள், அரங்கம் பூட்டியிருந்தது, முதன்மை அணி கலைந்திருந்தது. கழகத்தின் இளையோர் அணிகள் மட்டும் கோமாளி முகம் பதித்த சட்டையோடு ஆடிக்கொண்டிருந்தன. விற்றவர்கள் யாரும் அந்தப் பிள்ளைகளைக் கேட்டு விற்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனவர்கள் அவர்கள்தான். ஏன் உங்கள் அணி அங்கே ஆடியது என்ற கேள்விக்குப் பதில் தேடியவர்களும் அவர்கள்தான்.