மெயில்மேனும் ஒரு மன்னிப்பும்

"தம்பி, நம்ம காலேஜ் பழைய மாணவர்களுக்கு ஒரு மடலாடற்குழு வேணும்டா. வாட்ஸப்ல போட்டா எல்லாருக்கும் எல்லார் நம்பரும் தெரிஞ்சு போகுது. குட் மார்னிங் ரோஜாப்பூ வேற. உனக்குத்தான் லினக்ஸ் எல்லாம் தெரியுமே, எவ்வளவு நேரம் ஆகும்?"

கேட்டது நாலு வருஷம் சீனியர் அண்ணன் ஒருத்தர். "ரெண்டு மணி நேரம் போதும்ணே" அப்படீன்னேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

மென்பொருளை நிறுவுறது என்னவோ சுலபம்தான். டெபியன்ல மெயில்மேன் 3 பொதியாவே கிடைக்குது. போஸ்ட்ஃபிக்ஸ் கூட கோர்த்துவிட்டா வேலை செய்யும். அதுக்கப்புறம்தான் கச்சேரி. வாடகை வழங்கிகள்ல பல இடத்துல 25ஆம் போர்ட்டை மூடியே வச்சிருப்பாங்க, கெஞ்சிக் கேட்டுத் திறக்கணும். ஐபி முகவரிக்குத் தலைகீழ் டிஎன்எஸ் பதிவு போடணும். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு மூணு தேவதைகளுக்கும் படையல் வைக்கணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் மடல் நேரா எரித குப்பைக்குத்தான். ரெண்டு மணி நேரம் ரெண்டு வாரக் கடைசி ஆச்சு.

இதையெல்லாம் ஒரு சாதனை மாதிரி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப யோசிச்சா, அதெல்லாம் வெறும் குழாய் ரிப்பேர் வேலை. கூகுள்ல தேடினா விடை கிடைச்சிடும். கிடைக்காத விடை வேற இடத்துல இருந்தது.

குழு ஓட ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம் ஒரு புகார். "பதில் போட்டா எழுதினவருக்கு மட்டும்தான் போகுது, குழுவுக்குப் போக மாட்டேங்குது. என்ன சாப்ட்வேர்ப்பா இது?" நாலு பேர் அதையே சொன்னாங்க. மெயில்மேன்ல இதுக்கு ஒரு தெரிவு இருக்கு. ரிப்ளை-டு தலைப்பைத் தொடாம விடலாம், இல்லேன்னா குழுவோட முகவரியைத் திணிக்கலாம். தொடாம விடுறதுதான் இயல்புநிலை. பழைய மெயில்மேன் 2 பக்கத்துல, பதில்கள் எழுதினவருக்கே போகட்டும்னு அழுத்திப் பரிந்துரையே பண்ணியிருப்பாங்க. நான் என்ன பண்ணினேன்? நாலு பேர் கேட்டாங்கன்னு மாத்திட்டேன். பத்து செகண்ட் வேலை. மாத்தினதை யாருக்கும் சொல்லக்கூட இல்லை.

மூணு வாரம் கழிச்சு ஒருத்தர் வேலைவாய்ப்புத் தகவல் ஒண்ணு அனுப்பினார். அதுக்கு என் வகுப்புத் தோழன் ஒருத்தன் பதில் போட்டான். தனி மடல்னு நினைச்சுக்கிட்டு. வேலை போய் அஞ்சு மாசம் ஆச்சு, வீட்டுல இன்னும் சொல்லலை, தினமும் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பி நூலகத்துல உக்காந்துட்டு வர்றேன், வீட்டுக் கடன் தவணை ரெண்டு பாக்கி, முடிஞ்சா ஏதாவது பாத்து செய்யுங்கண்ணேன்னு.

212 பேருக்குப் போயிடுச்சு. அதுல அவனோட மச்சானும் ஒருத்தர்.

ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். "மாப்ள, அதை எப்படியாவது அழிச்சிடுடா." சேமிப்பகத்துல இருந்து அழிச்சேன், ஒரு நிமிஷம்கூட ஆகலை. 212 பேரோட அஞ்சல்பெட்டியில போய் எப்படி அழிக்கிறது? மின்னஞ்சல் கிளம்பினா கிளம்பினதுதான், திரும்பக் கூப்பிட வழியே இல்லை. இதை அவன்கிட்ட சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் கொடுமை.

"பாத்து அனுப்பியிருக்கணும், அவன் தப்பு"ன்னு சில பேர் சொன்னாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். இருபது வருஷமா 'பதில்' பட்டனை அமுக்கினா எழுதினவருக்குப் போகும்னு பழகின கை அது. அந்தப் பட்டனோட அர்த்தத்தை அவன்கிட்ட கேட்காம மாத்தினது நான். தப்பான இடத்துக்குப் போன பொது மடலை ரெண்டாவது தடவை அனுப்பிக்கலாம். அதனால வர்ற நஷ்டம் ஒரு நிமிஷம். தப்பான இடத்துக்குப் போன தனி மடலுக்கு அந்த வசதி இல்லை. இந்த ரெண்டையும் தராசுல வச்சுப் பாத்தாலே எது சரின்னு தெரிஞ்சிடும். மெயில்மேன் எழுதினவங்க அப்படி வச்சுப் பாத்துதான் இயல்புநிலையைத் தேர்ந்திருக்காங்க.

இன்னொரு உதாரணமும் சொல்றேன். 2014 ஏப்ரல்ல யாகூ தன்னோட முகவரிகளுக்கு டிமார்க் கொள்கையை 'நிராகரி'ன்னு மாத்தினாங்க. யாகூ பேர்ல வர்ற போலி மடலைத் தடுக்கணும்கிறது நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனா மடலாடற்குழு என்ன பண்ணும்? தலைப்புல குழுவோட பேரை ஒட்டும், அடியில ரெண்டு வரி சேர்க்கும். அங்கேயே டிகிம் கையெழுத்து செல்லாம போயிடும். அனுப்புற வழங்கியும் குழுவோடது, அதனால எஸ்பிஎஃப் கணக்கும் ஒத்துப் போகாது. ஆக, யாகூக்காரர் குழுவுக்கு ஒரு மடல் போட்டா, டிமார்க் பாக்குற மத்த வழங்கிகள் எல்லாம் அதைத் திருப்பி அனுப்பிடும். இதுல வேடிக்கை என்னன்னா, அடி வாங்குறது எழுதினவர் இல்லை, மடல் கிடைக்காதவர்! மடல் திரும்பின கணக்கு அவர் பேர்ல ஏறும். நாளைக்கு ஒரு புள்ளின்னு அஞ்சு புள்ளி சேர்ந்தா மெயில்மேன் அவருக்கு அனுப்புறதையே நிறுத்திடும். தான் உண்டு தன் வேலை உண்டுன்னு இருந்த மனுஷன், ஏன்னே தெரியாம வெளிய நிப்பார். அனுப்புநர் இடத்துல குழுவோட முகவரியைப் போடுற வசதி இருக்கு. ஆனா அதையும் நிர்வாகி போய் இயக்கினாத்தான் உண்டு.

1986ல பாரிஸ்ல பொறியியல் படிச்சிட்டிருந்த எரிக் தாமஸ் லிஸ்ட்செர்வ் எழுதினப்போ, பேரைச் சேர்க்கிறது நீக்குறதெல்லாம் மனுஷ உதவியில்லாம நடக்க ஆரம்பிச்சுது. அது பெரிய விஷயம். ஆனா யாருக்கு எது போகணும், எது எவ்வளவு நாள் இருக்கணும்கிற முடிவு மட்டும் இன்னும் ஒரு மனுஷன் தலையிலதான் இருக்கு.

சேமிப்பகமும் அப்படித்தான். தமிழ் இணையத்தோட ஆரம்பகாலப் பேச்சு நிறைய யாகூ குழுமங்கள்லதான் நடந்துச்சு. மரத்தடி, ராயர் காப்பி கிளப் எல்லாம் அங்கேதான் இருந்துச்சு. 2019 அக்டோபர்ல பழைய மடல்களை எல்லாம் நீக்கப்போறோம்னு அறிவிச்சாங்க, 2020 டிசம்பர்ல மொத்தமாவே மூடிட்டாங்க. ஓசி இடத்துல வீடு கட்டினா காலி பண்ணச் சொல்ற நாள் வரும். மடல்களை எம்பாக்ஸ் கோப்பா இறக்கி வச்சுக்கிறதும் நிர்வாகி வேலைதான். தானா எதுவும் நடக்காது.

அதனால மடலாடற்குழு நடத்துற, நடத்தப்போற மக்களுக்கு நான் சொல்றது இதுதான். ஒரு தெரிவை மாத்துறதுக்கு முன்னாடி, இது தப்பாப் போனா யாருக்கு வலிக்கும்னு ஒரு தடவை கேளுங்க. மாத்தினா, மாத்தினேன்னு எல்லாருக்கும் எழுதுங்க. சாவியை ஒரே ஆள்கிட்ட வைக்காதீங்க, ரெண்டாவதா ஒருத்தர் இருந்திருந்தா "எதுக்குடா?"ன்னு என்னைக் கேட்டிருப்பார். சத்தமாக் கேக்குற நாலு பேரைவிட, எதுவும் சொல்லாம இருக்கிற 208 பேரைப் பத்தி நிர்வாகி யோசிக்கணும். அவங்களுக்காகப் பேச வேற ஆள் கிடையாது.

மறுநாளே தெரிவைப் பழையபடி மாத்திட்டு, என்ன பண்ணினேன், ஏன் தப்புன்னு குழுவுக்கு ஒரு மன்னிப்பு மடல் எழுதினேன். நண்பனுக்கு நேர்ல போய்ச் சொன்னேன். "விடுடா"ன்னு சொன்னான். நல்லவேளையா நாலு மாசத்துல வேற வேலையும் கிடைச்சுது. குழு மூலமா இல்லை.

அவன் பேர் இன்னும் உறுப்பினர் பட்டியல்ல இருக்கு. மடல் வர்றதை மட்டும் அவனே நிறுத்தி வச்சிருக்கான். நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த வரி கண்ணுல படும். என்னால ஒரே சொடுக்குல திரும்ப இயக்கிட முடியும்.

அதை மட்டும் நான் தொடுறதா இல்லை.

டிஸ்கி: "அப்ப பதிலைக் குழுவுக்கு எப்படி அனுப்புறது?"ன்னு கேக்குறவங்களுக்கு: 'எல்லாருக்கும் பதில்'னு பக்கத்துலயே ஒரு பட்டன் இருக்குங்க. ஹிஹி.