பாட்டுக்கும் ஒரு கன்னிமாரா வேண்டும்

2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இசைச் செயலி இந்தியாவுக்கு வந்தது. அப்போது மாதச் சந்தா 119 ரூபாய். கட்டாதவர்களுக்கு விளம்பரங்களோடு இலவசம். இரண்டே மாதத்தில் சரிகம நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தின் படியேறியது. உரிய உரிமம் பெறாமல் தன் பாடல்கள் அந்தச் செயலியில் ஒலிக்கின்றன என்பது அதன் புகார். அவற்றை நீக்கிவிடுவதாக ஸ்பாட்டிஃபை ஒப்புக்கொண்டது. சரிகம என்பது பழைய எச்.எம்.வி.யின் வாரிசு, எம்.எஸ்.விஸ்வநாதன், கே.வி.மகாதேவன் காலத்துத் தமிழ்த் திரைப்பாடல்களில் பெரும்பகுதி அதன் கைவசம்தான் இருக்கிறது. 2020 மே மாதம் இரு தரப்பும் ஒப்பந்தத்துக்கு வரும்வரை, சந்தா கட்டியவருக்கும் அந்தச் செயலியில் அந்தப் பாடல்கள் கிடையாது. அதே ஓராண்டில், பரணில் கிடந்த எச்.எம்.வி. தட்டையோ கேசட்டையோ எடுத்துத் துடைத்துப் போட்டுக் கேட்டவரை யாரும் தடுக்கவில்லை.

இது ஏதோ ஒருமுறை நேர்ந்த விபத்தல்ல. 2021 மார்ச்சில் காக்காவோ எம் என்ற கொரிய நிறுவனத்தோடு பேச்சு முறிந்ததும், நூற்றுக்கணக்கான கே-பாப் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஒரே நாளில் மறைந்தன. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக்கின் இந்திப் பாடல்களுக்கு அதே கதி. 2024 ஜனவரி இறுதியில் யுனிவர்சல் மியூசிக் தன் பாடல்களை டிக்டாக்கிலிருந்து விலக்கிக்கொண்டது. சமாதானம் மே மாதம்தான் வந்தது. அதே ஜனவரியோடு ரெஸ்ஸோ இசைச் செயலி இந்தியாவில் கடையைக் கட்டியது. அந்த ஆண்டே ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கை மூடுவதாக அறிவித்தது.

இவற்றில் பெரும்பாலானவற்றில் யாரும் சட்டத்தை மீறவில்லை. பேரம் படியவில்லை, உரிமம் முடிந்தது, தொழிலில் காசு பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். வணிகத்தில் இது இயல்பு. ஆனால், அந்த இயல்பின் தயவில் ஒரு மொழியின் இசை முழுவதையும் விட்டுவைப்பது இயல்பாகிவிடக் கூடாது. செயலியில் பாட்டுக் கேட்பதில் பிழையில்லை. விரும்பியதை விலைகொடுத்து வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் வழி அடைபடுவதும், வெளியாகும் பாடலின் ஒரு பிரதிகூடப் பொதுக் காப்பகத்துக்கு வந்து சேராமல் போவதும்தான் பிழை. இரண்டையும் சட்டத்தின் மூலம் சரிசெய்ய வேண்டும்.

செயலிகள் கொண்டுவந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எண்பதுகளில் ஒரு பாட்டு வேண்டுமென்றால் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக்கொடுத்து, 60 நிமிடமோ 90 நிமிடமோ ஓடும் வெற்று கேசட்டில் பதிந்து வாங்க நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் கடைகளில் பெரும்பாலானவை யாரிடமும் உரிமம் வாங்கியவை அல்ல. இன்று கையிலுள்ள போனில் அந்தக் காலப் பாடகர் கிட்டப்பாவையும் கேட்கலாம், நேற்று வந்த சுயாதீனப் பாடகரையும் கேட்கலாம், திருட்டு எம்.பி.3 தளங்களின் பிடியும் தளர்ந்திருக்கிறது. சர்வதேச ஒலிப்பதிவுத் துறைக் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024-ல் உலகப் பதிவிசை வருவாய் 29.6 பில்லியன் டாலர். அதில் 69 சதவீதம் ஸ்ட்ரீமிங் வழி வந்தது. கட்டணச் சந்தாவில் கேட்பவர்கள் 75 கோடிப் பேர். இந்தச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்ற முடியாது, சுழற்றவும் வேண்டாம்.

அப்படியானால், வினைல் தட்டுகளுக்கு மீண்டும் வந்திருக்கும் மவுசை என்னவென்று கொள்வது? 2022-ல் அமெரிக்காவில் 4.1 கோடி வினைல் தட்டுகளும் 3.3 கோடி சி.டி.க்களும் விற்றன. எண்ணிக்கையில் தட்டு சி.டி.யை முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல்முறை. ஆனால், கொண்டாட்டத்துக்கு முன் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். லூமினேட் ஆய்வு நிறுவனம் 2023-ல் சொன்னபடி, அங்கே தட்டு வாங்குபவர்களில் பாதிப் பேரிடம்தான் அதைச் சுழலவைக்கும் கருவி இருக்கிறது. மீதிப் பேர் வாங்குவது ரசிகமனத்தின் நினைவுப்பொருள். அதில் தவறில்லை. ஆனால், இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு விற்கும் தட்டு எல்லோருக்குமான தீர்வாக முடியாது.

நம் ஊரின் ஆசையை வேறொரு பொருள் சரியாகப் படம்பிடித்தது. 2017-ல் சரிகம வெளியிட்ட காரவான் பெட்டியில் 5,000 பழைய பாடல்கள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தன. தமிழ்ப் பாடல்களுக்கென்றே தனிப் பெட்டியும் வந்தது. சந்தா, இணையம், கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. ஒருமுறை காசு கொடுத்தால் வீட்டு மேஜையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும். பிறந்தநாளுக்கும் சஷ்டியப்த பூர்த்திக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு அதை வாங்கிக் கொடுத்தார்கள். தட்டின் மேல் உள்ள மோகமல்ல இது. தன் பாட்டு தன்னிடம் இருக்க வேண்டும் என்ற விருப்பம்.

அந்த விருப்பத்துக்குச் சட்டம் இப்போது எவ்வளவு இடம் தருகிறது? கடையில் வாங்கிய சி.டி.யை நண்பருக்குக் கொடுக்கலாம், பழைய கடையில் விற்கலாம், மகளுக்கு விட்டுச்செல்லலாம். இணையக் கடையில் காசு கொடுத்து இறக்கிய பாடலுக்கு இந்த உரிமை கிடைப்பதில்லை. அப்படி வாங்கிய கோப்புகளைக் கைமாற்றி விற்க ரெடிஜி என்ற நிறுவனம் அமெரிக்காவில் சந்தை தொடங்கியது. கோப்பை மாற்றும்போதே புதிய பிரதி உண்டாகிவிடுகிறது என்று சொல்லி, 2018-ல் நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்குக் கதவடைத்தது. கலிஃபோர்னியா மாநிலம் குறைந்தபட்ச நேர்மையையாவது கட்டாயமாக்கியது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே நடப்பிலிருக்கும் சட்டப்படி, பின்னாளில் பறிக்கப்படக்கூடிய டிஜிட்டல் பொருளை விற்கும் கடை, வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நிரந்தரமாகத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்படி கோப்பைத் தந்துவிடும் கடைகளுக்கு இதிலிருந்து விலக்கு. இணைய வணிகத்தில் நுகர்வோரை ஏமாற்றும் உத்திகளைத் தடுக்க இந்தியா 2023-ல் நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றோடு இந்த ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குப் பெரிய தடை எதுவும் இருக்க முடியாது.

கையில் இல்லாத பாட்டு மாறவும் கூடும். கான்யே வெஸ்ட் 2016-ல் ஓர் ஆல்பத்தை வெளியிட்ட பிறகும் செயலிகளில் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். 2022-ல் பியான்சேவும் லிஸோவும் மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்தும் சொல் இருந்ததாக எழுந்த கண்டனத்தை ஏற்று, வெளியான பாடல்களின் வரிகளை மாற்றினார்கள். மாற்றியது நியாயமே. ஆனால் செயலியில் பழைய வடிவத்தின் மேல் புதியது ஏறி உட்கார்ந்துவிடுகிறது. முதலில் என்ன இருந்தது என்பதற்கு அங்கே பதிவே மிஞ்சுவதில்லை. தமிழில் இதன் வடிவம் வேறு. பழைய பாடல்கள் எதிரொலி கூட்டியும் ஸ்டீரியோவாக விரித்தும் ‘மெருகேற்றப்பட்டு’ உலவுகின்றன. தட்டின் உறையில் அச்சாகியிருந்த பாடலாசிரியர் பெயர் செயலியில் பல நேரம் காணப்படுவதில்லை, அல்லது தவறாக இருக்கிறது.

எல்லாவற்றையும் நிறுவனங்கள் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்புவோர் இரண்டு நிகழ்ச்சிகளை நினைவில் கொள்ளலாம். 2008 ஜூனில் ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்த கிடங்கில் மூல ஒலிநாடாக்களும் எரிந்துபோன கதையை 11 ஆண்டுகள் கழித்து நியூயார்க் டைம்ஸ்தான் விரிவாக வெளிக்கொண்டுவந்தது. எவ்வளவு போயிற்று என்பதில் நிறுவனம் அந்தக் கணக்கை மறுத்தது. நாடாக்கள் போனதை மறுக்கவில்லை. 2019-ல் மைஸ்பேஸ் தளம், சர்வர் மாற்றத்தின்போது 12 ஆண்டுகளில் ஏற்றப்பட்ட பாடல்களைத் தொலைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. ஐந்து கோடிப் பாடல்கள் என்பது மதிப்பீடு. அவற்றில் சுமார் 4,90,000 மட்டும் பின்னர் மீண்டன. அதற்கு முன்பே ஓர் ஆய்வுக் குழு ஆராய்ச்சிக்காகப் பிரதி எடுத்து வைத்திருந்ததுதான் காரணம்.

பழைய தமிழிசை இன்று காதில் விழுவதற்கும், இப்படி வெளியே பிரதிகள் இருந்ததே காரணம். எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல், 27 வயதில் மறைந்தார். பேசும்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. அவர் குரல் எஞ்சியிருப்பது 78 சுற்று அரக்குத் தட்டுகளின் தயவில்தான். அவர் மறைவுக்கு இரண்டு ஆண்டு முன்பு வந்த ‘காளிதாஸ்’ பேசும்படத்துக்கோ இன்று பிரதியே இல்லை. பின்னாளில் ஏ.வி.எம். ஸ்டூடியோவை நிறுவிய மெய்யப்பச் செட்டியார், தொடக்கத்தில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி ஓடியன் இசைத்தட்டுகளை விற்றவர். அந்த ஓடியன் முத்திரைத் தட்டுகளைப் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவில் டிஜிட்டலாக்கும் பணி நடந்தபோது, தட்டுகள் கிடைத்தது தனிப்பட்ட சேகரிப்பாளர்களின் அலமாரிகளிலிருந்து. விலைக்கு விற்ற தட்டுகள் வீடுகளில் பரவிக் கிடந்ததால் தப்பிப் பிழைத்தன.

கலைஞர்களின் வருவாயையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்பாட்டிஃபை தன் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குத் தருகிறது என்பது உண்மை. ஆனால் மொத்தப் பணமும் ஒரே குவியலாகச் சேர்ந்து, கேட்கப்பட்ட எண்ணிக்கைக்கேற்பப் பிரிகிறது. அதிகம் ஒலிக்கும் பாடல்கள் பெரும்பங்கை அள்ளுகின்றன. 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு ஒரு பைசாவும் கிடையாது. ஊருக்கு ஒரு குழுவாக உருவாகிவரும் சுயாதீனக் கலைஞர்களை நேரடியாகத் தாக்கும் விதி இது. மாறாக, பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் ஆல்பம் விற்றால் தளத்தின் கழிவு 15 சதவீதம், தட்டோ கேசட்டோ விற்றால் 10 சதவீதம். வாங்கியவருக்குப் பூட்டில்லாத கோப்பும் கிடைக்கிறது. மாதச் சந்தாவோடு ஆண்டுக்குச் சில ஆல்பங்களையாவது இப்படி வாங்குவது ரசிகர்களால் முடியாததல்ல.

தனிமனிதர் அலமாரி மட்டும் போதாது என்பதும் உண்மை. அரக்குத் தட்டு கைதவறினால் உடையும். கேசட் நாடாவில் பூஞ்சை படரும். அழியாதது என்று விளம்பரப்படுத்தப்பட்ட சி.டி.யிலும், 1980-களின் இறுதி முதல் இங்கிலாந்தின் ஓர் ஆலையில் தயாரான பல வெண்கல நிறமாகிப் பாழாயின. சேகரிப்பாளர் மறைந்ததும் சேகரிப்பு பழைய சாமான் கடைக்குப் போகிறது. அதனால்தான் அரசின் பொறுப்பு இங்கே வருகிறது.

1954-ல் இயற்றப்பட்ட நூல் வழங்கல் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குச் சென்றாக வேண்டும். 1956-ல் செய்தித்தாள்களும் இதழ்களும் சேர்ந்தன. இசைத்தட்டு, கேசட், சி.டி., ஒலிக்கோப்பு எதற்கும் இந்தக் கட்டாயம் இன்றுவரை இல்லை. பிரான்சில் ஒலிப்பதிவுகளும் தேசிய நூலகத்துக்கு வந்தாக வேண்டும். அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளைக் காக்கவே 2000-ல் தனிச் சட்டம் வந்தது.

இன்னொரு சிக்கல் இதைவிடக் கூரியது. 2012 திருத்தத்துக்குப் பின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, லாபநோக்கற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக டிஜிட்டலாகச் சேமித்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால், அந்தப் படைப்பின் டிஜிட்டல் அல்லாத பிரதி ஏற்கெனவே நூலகத்தில் இருக்க வேண்டும். புதிய தமிழ்ப் படப் பாடல்களோ பெரும்பாலும் சி.டி.யாகக்கூட வெளிவருவதில்லை. பிரதியே இல்லாததால் அவற்றைச் சேமிக்கும் உரிமையும் நூலகத்துக்கு இல்லை. ஒலிப்பதிவின் பதிப்புரிமை 60 ஆண்டுகளில் முடிந்து பொதுச்சொத்தாகிறது என்கிறது அதே சட்டம். ஒரே பிரதி தனியார் சர்வரில் இருந்து, அந்தச் சர்வரும் இடையில் மூடப்பட்டால், பொதுமக்களுக்கு வந்து சேர எது மிச்சமிருக்கும்?

ஆகவே, 1954 சட்டம் ஒலிப்பதிவுகளையும் உள்ளடக்கும்படி விரிய வேண்டும். 52-வது பிரிவில், டிஜிட்டலாக மட்டுமே வெளியாகும் இசைக்கும் அந்த விலக்கு நீள வேண்டும். வணிகத்துக்குக் குந்தகம் வரும் என்ற அச்சம் தேவையில்லை; நூலகத்துக்குள் மட்டும் கேட்கலாம் என்று வரையறுத்தால் போதும். சென்னை மியூசிக் அகாதெமியின் காப்பகத்தில் கச்சேரிப் பதிவுகளை அங்கேயே அமர்ந்து கேட்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. நூல்களை டிஜிட்டலாக்கி வரும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் அனுபவத்தைக் கொண்டு, சேகரிப்பாளர்களின் தட்டுகளையும் கேசட்டுகளையும் உறையோடும் பாடலாசிரியர் பெயரோடும் பதிந்துவைக்கும் ஒலிக் காப்பகத்தைத் தமிழக அரசு தன் செலவிலேயே தொடங்கலாம். அதற்குத் தில்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். மத்தியச் சட்டங்களுக்கு மட்டும் நாடாளுமன்றம் வேண்டும். நூல்களோடு செய்தித்தாள்களைச் சேர்க்க அதற்கு இரண்டு ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன. ஒலிப்பதிவுகளுக்கு 70 ஆண்டுகள் கடந்தும் இடமில்லை. தமிழக உறுப்பினர்கள் கட்சி வேறுபாடு பாராமல், தனிநபர் மசோதாவாகவேனும் இந்தத் திருத்தத்தை வரும் கூட்டத்தொடரில் முன்வைக்க வேண்டும்.