அக்னிபாத்: சம்பளக் கணக்கு எதை மறைக்கிறது?

பதினெட்டு வயது இளைஞருக்கு மாதம் 30 ஆயிரம் ரூபாய் ஊதியம்; உணவும் உறைவிடமும் இலவசம்; நான்கு ஆண்டுகள் கழித்து வெளியே வரும்போது வருமான வரியற்ற 11.71 லட்சம் ரூபாய். பள்ளிப் படிப்பை மட்டும் முடித்த ஒருவருக்கு வேறு எந்த வேலையில் இது கிடைக்கும் என்பதே அக்னிபாத் திட்டத்தை ஆதரிப்போர் ஓயாமல் எழுப்பும் கேள்வி. 2022 ஜூன் 14 அன்று மோடி அரசு இத்திட்டத்தை அறிவித்தது. அந்த ஆண்டு நவம்பரில் பயிற்சியில் சேர்ந்த கடற்படையின் முதல் தொகுதியினருக்கு 2026 நவம்பரில் நான்காண்டு முடிகிறது. அவர்களில் அதிகபட்சம் 25 சதவீதத்தினரே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர் என்று திட்டம் வகுக்கப்பட்டது. எஞ்சிய முக்கால் பங்கினர் கைப்பெட்டியுடன் ஊர் திரும்பும் காலம் நெருங்கும் நிலையில், இந்தச் சம்பளக் கணக்கைச் சரிபார்த்தாக வேண்டும்.

எந்த அளவுகோல்?

குருகிராமில் ஒப்பந்தக்காரரின் கீழ்ப் பன்னிரண்டு மணி நேரம் வாயிலில் நிற்கும் காவலாளியோடும், பெங்களூரில் இருசக்கர வாகனத்தில் உணவு கொண்டு ஓடும் இளைஞரோடும் ஒப்பிட்டால் அக்னிவீரரின் ஊதியம் மேலானதே. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த அளவுகோலை உருவாக்கியவர்கள் யார்? தேசியத் தரைமட்டக் குறைந்தபட்சக் கூலியாக இதே அரசு 2019இல் நிர்ணயித்த தொகை நாளொன்றுக்கு 178 ரூபாய். மாதத்தில் 26 நாட்கள் உழைத்தால் 4,628 ரூபாய். இதன் அருகில் வைத்தால் எந்தச் சம்பளமும் ராஜ சம்பளமாகவே தெரியும். தொழிலாளியின் கூலியைத் தரையில் போட்டு மிதித்துவிட்டு, அந்தத் தரையிலிருந்து அளந்து சிப்பாயின் உயரத்தைப் பெருமை பேசுவதுதான் இந்த ஒப்பீட்டின் சூட்சுமம்.

அக்னிவீரரை ஒப்பிட வேண்டியது அதே பதுங்குகுழியில், அதே துப்பாக்கியுடன் அருகில் நிற்கும் நிரந்தரச் சிப்பாயோடுதான். ஏழாவது ஊதியக்குழுவின்படி சிப்பாயின் தொடக்க அடிப்படை ஊதியம் 21,700 ரூபாய். ராணுவ சேவை ஊதியம் 5,200 ரூபாய். இவ்விரண்டின் மீதும் அகவிலைப்படி உண்டு. 2025 ஜூலை நிலவரப்படி அது 58 சதவீதம். மூன்று ஆண்டு உயர்வுகள் பெற்ற சிப்பாய்க்கு, ஏனைய படிகள் நீங்கலாகவே 45,820 ரூபாய் கிடைக்கும். நான்காம் ஆண்டில் உள்ள அக்னிவீரருக்கு 40,000 ரூபாய். அதில் 12,000 ரூபாய் சேவா நிதிக்குப் பிடிக்கப்பட்டு, கைக்கு வருவது 28,000 ரூபாய். அவருக்கு அகவிலைப்படியும் இல்லை, ராணுவ சேவை ஊதியமும் இல்லை. விலைவாசி எவ்வளவு ஏறினாலும் 2022இல் எழுதிவைத்த தொகைதான். நிரந்தரச் சிப்பாய்க்கு ஆண்டுக்கு 90 நாள் விடுப்பு. அக்னிவீரருக்கு 30 நாள்.

சேவா நிதி யாருடைய பணம்?

அரசு வழங்கும் பரிசு போலக் காட்டப்படும் 11.71 லட்சத்தில், வட்டியை நீக்கினால் 5.02 லட்சம் ரூபாய் அக்னிவீரரின் சொந்த ஊதியத்திலிருந்து மாதந்தோறும் 30 சதவீதமாகப் பிடிக்கப்பட்டது. அரசின் பங்கு அதே அளவு, 5.02 லட்சம். ஓய்வூதியம், பணிக்கொடை, ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவம், முன்னாள் படைவீரர் என்ற தகுதி ஆகிய அனைத்துக்கும் சேர்த்து அரசு கொடுக்கும் விலை இவ்வளவே. இந்த 11.71 லட்சத்தையும் செலவழிக்காமல் ஏழு சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் மாதம் ஏழாயிரம் ரூபாய்கூட வராது. தங்கையின் திருமணமோ, தந்தையின் விவசாயக் கடனோ வாசலில் நிற்கும் ஒரு விவசாயக் குடும்பத்தில் அந்த முதல் அப்படியே இருக்கும் என்று நம்புவோர் கிராமத்தை அறியாதவர்கள்.

சிவில் வேலையோடு ஒப்பிட வேண்டுமெனில் அதையும் செய்யலாம். ஒன்றிய அரசு அலுவலகத்தில் கடைநிலையில் சேரும் பல்நோக்குப் பணியாளரின் அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய். 58 சதவீத அகவிலைப்படியுடன் 28,440 ரூபாய்; வீட்டு வாடகைப்படி தனி. மாத ஊதியத்தில் அக்னிவீரர் சற்று மேலே இருக்கலாம். ஆனால் அந்தப் பணியாளர் அறுபது வயது வரை வேலையில் இருப்பார். அக்னிவீரரோ இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் மீண்டும் வேலை தேடும் வரிசையின் கடைசியில் நிற்பார்.

இன்னும் கொடிய ஒப்பீடு ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுப் பணியைக் கோரியது. தொழிலாளர் உரிமைகளை வெட்டிச் சுருக்கிய நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்படும் தொழிலாளிக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு என்று அவையே கூறுகின்றன. நான்காண்டு எல்லையில் நின்ற அக்னிவீரருக்கு அதுவும் கிடையாது. தனியார் முதலாளி கொடுத்தாக வேண்டியதைத் தன் சிப்பாய்க்குக் கொடுக்க மறுக்கிறது இந்த அரசு.

மரணத்திலும் பாகுபாடு

பணியின் காரணமாக உயிரிழக்கும் அக்னிவீரரின் குடும்பத்துக்கு 48 லட்சம் ரூபாய் காப்பீடும் 44 லட்சம் ரூபாய் கருணைத் தொகையும் உண்டு. ஆனால் நிரந்தரச் சிப்பாயின் குடும்பத்துக்கு வாழ்நாள் முழுதும் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் இல்லை. எதிரியின் தோட்டா இருவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அரசின் கோப்புதான் பிரிக்கிறது.

உண்மைக் காரணம்

படையை இளமையாக்கவே இத்திட்டம் என்கிறது அரசு. நிரந்தர வேலைக்கு ஆளெடுத்து, சில ஆண்டுகளுக்குப் பின் அவர்களைப் பிற அரசுத் துறைகளில் பணித்தொடர்ச்சியுடன் சேர்த்தாலும் படை இளமையாக இருக்குமே! அதற்கு அரசு முன்வரவில்லை. காரணத்தை நிதிநிலை அறிக்கையில் காணலாம். 2022-23இல் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்ட 5.25 லட்சம் கோடி ரூபாயில் ஓய்வூதியத்துக்கு மட்டும் 1.19 லட்சம் கோடி. ஆட்சியாளர்கள் இதைச் சுமையாகப் பார்க்கிறார்கள். ஓய்வூதியம் கருணையால் இடும் பிச்சை அன்று, உழைத்தவரின் உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த உரிமையை 2004 ஜனவரி முதல் ஒன்றிய அரசின் சிவில் ஊழியர்களிடமிருந்து பறித்தார்கள். எஞ்சியிருந்த ஒரே கோட்டை முப்படைகள். அக்னிபாத் அந்தக் கோட்டையின் சுவரில் போடப்பட்ட ஓட்டை.

வெளியே என்ன காத்திருக்கிறது?

கொரோனாவைக் காரணம் காட்டி இரண்டு ஆண்டுகள் ராணுவத்துக்கு ஆளெடுப்பு நிறுத்தப்பட்டது. உடல்தகுதித் தேர்விலும் மருத்துவச் சோதனையிலும் தேறி எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்களின் வயது வரம்பு கடந்தது. பீகார், உத்தரப்பிரதேசம், ஹரியானா, தெலுங்கானா எங்கும் 2022 ஜூனில் வெடித்த கோபத்துக்கு இதுவே பின்னணி. செகந்திராபாத் ரயில் நிலையத்தில் காவல்துறை சுட்டதில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். ஒன்றிய அரசுத் துறைகளில் ஏறத்தாழ 9.79 லட்சம் பணியிடங்கள் 2021 மார்ச் 1 நிலவரப்படி காலி. 2014 முதல் 2022 வரை ஒன்றிய அரசு வேலைகளுக்கு வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி, வேலைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7.22 லட்சம். இது அரசே மக்களவையில் கொடுத்த கணக்கு.

வெளியேறும் அக்னிவீரர்களுக்கு இடஒதுக்கீடு உண்டு என்கிறார்கள். மத்திய ஆயுதப்படைகளில் பத்து சதவீதம் என்று தொடங்கி, எல்லைப் பாதுகாப்புப் படையில் அதை 50 சதவீதம் வரை உயர்த்தியிருக்கிறார்கள். காகிதத்தில் எழுதுவது எளிது. முன்னாள் படைவீரர்களுக்கு ஒன்றிய அரசின் 'சி' பிரிவில் 10 சதவீதமும் 'டி' பிரிவில் 20 சதவீதமும் ஒதுக்கீடு நெடுங்காலமாக உள்ளது. ஆனால் 2021இல் அப்பணிகளில் அவர்களின் உண்மையான பங்கு முறையே 1.29, 2.66 சதவீதம் மட்டுமே. பாஜக அலுவலகத்துக்குக் காவலாளி தேவைப்பட்டால் அக்னிவீரருக்கே முன்னுரிமை கொடுப்பேன் என்று அக்கட்சியின் தேசியப் பொதுச்செயலாளராக இருந்த கைலாஷ் விஜய்வர்கியா 2022 ஜூனிலேயே கூறினார். திட்டம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். குருகிராம் காவலாளியோடு ஒப்பிட்டுப் பெருமை பேசப்பட்ட அதே இளைஞர், நான்காண்டு கழித்து அந்தக் காவலாளியின் இடத்துக்கே வந்து சேருகிறார்.

போராட்டத்தின் திசை

2023 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இத்திட்டத்தை ஏற்றது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. எனவே இது அரசியல் களத்தில் தீர்க்கப்பட வேண்டிய பிரச்சனை. 2022 ஜூன் 24 அன்று சம்யுக்த கிசான் மோர்ச்சா நாடு தழுவிய எதிர்ப்பு நாளை நடத்தியது. சிப்பாயின் வீடும் விவசாயியின் வீடும் ஒன்றே என்பதை அந்த இயக்கம் உணர்ந்திருந்தது. அந்த உணர்வை ஒப்பந்தத் தொழிலாளரிடமும் கொண்டுசெல்வது கட்சி அணிகளின் கடமை. ஒப்பந்தத் தொழிலாளியைக் காட்டிச் சிப்பாயிடம் 'உனக்கு இதுவே அதிகம்' என்பார்கள். பின்னர் சிப்பாயைக் காட்டித் தொழிலாளியிடம் 'எல்லையில் நிற்பவனுக்கே நிரந்தரம் இல்லை, உனக்கு எதற்கு?' என்பார்கள். இந்த இரட்டை வேடத்தை உடைக்காமல் இரு தரப்புக்கும் விடிவில்லை.

அக்னிபாத் திட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும். இதுவரை சேர்ந்த தகுதியுள்ள அனைவரையும் நிரந்தரப்படுத்த வேண்டும். உயிரிழந்த அக்னிவீரர்களின் குடும்பங்களுக்கு முழுமையான குடும்ப ஓய்வூதியம் வழங்க வேண்டும். ஒன்றிய அரசின் காலியிடங்களை நிரப்ப வேண்டும். முதல் தொகுதி வீடு திரும்பும் முன்பே இக்கோரிக்கைகள் ஒவ்வொரு ஊரிலும் ஒலித்தாக வேண்டும்.