பச்சை உடுத்தியவர்கள்
(மூன்றாம் ஆண்டு, வரலாற்றுத் துறை மாணவி)

சென்ற ஆண்டு கல்லூரி நாள் விழாவிற்குப் பச்சை நிறச் சுடிதார் ஒன்றை அணிந்து வந்தேன். நுழைவாயிலிலேயே தோழி ஒருத்தி வழிமறித்தாள். மேலும் கீழும் ஒரு முறை பார்த்துவிட்டு, "பச்சையா? அப்ப உனக்கு யார் மேலேயோ பொறாமை இருக்குடி" என்றாள். பக்கத்தில் நின்ற இன்னொருத்தி, "போடி, பச்சை போடுறவங்க சாந்தமானவங்கன்னு வாரப் பத்திரிகையில போட்டிருந்தான்" என்று மறுத்தாள். மூன்றாமவள் விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. "கீ கீ" என்று கிளிபோல் கத்திவிட்டு ஓடிப் போனாள். அந்த ஆண்டு முழுவதும் எனக்கு அந்தப் பெயரே நிலைத்தது.

உண்மை என்னவென்றால், அது என் அக்காளின் சுடிதார். அவளுக்குத் திருமணமாகி உடம்பு கொஞ்சம் பூசியதும் எனக்கு வந்து சேர்ந்தது. இதில் என் மனநிலை எங்கே வந்தது? உடையின் நிறத்தைக் கொண்டு குணத்தைச் சொல்கிறவர்கள், உடுத்துகிறவர் ஒவ்வொருவரும் கடையில் ஆயிரம் நிறங்களுக்கு நடுவே நின்று தம் உள்ளத்திற்கேற்ற ஒன்றைப் பொறுக்கி எடுத்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். நம் கல்லூரியில் படிக்கிற பெரும்பாலோர் வீட்டில் முதலில் கேட்பது விலையை. அடுத்துக் கேட்பது சாயம் போகுமா என்பதை. நிறம் மூன்றாவதாக வந்தால் வரும்.

என்றாலும் தோழியர் கிளப்பிவிட்ட கேள்வி என்னை விடவில்லை. பச்சை உடுத்துவதற்கு ஏதேனும் பொருள் உண்டா, இல்லையா?

முதலில் பொறாமைக் கட்சியைப் பார்த்துவிடுவோம். பொறாமைக்குப் பச்சை வண்ணம் பூசியவர்கள் ஆங்கிலேயர்கள்; ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் வழியாக அது ஊரெல்லாம் பரவிற்று. நமக்குப் பொறாமை என்பது வயிற்றெரிச்சல். எரிகிற ஒன்று எப்படிப் பச்சையாக இருக்கும்? தமிழில் பச்சை என்றால் ஈரமுள்ளது, உயிருள்ளது, கலப்பில்லாதது. பச்சைக் குழந்தை என்கிறோம்; பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். பெரியார் காமராசரைப் பச்சைத் தமிழர் என்றபோது அவர் சட்டையின் நிறத்தைச் சொல்லவில்லை. அதே சொல்லைக் கொண்டுதான் பச்சைப் பொய் என்கிறோம், பச்சையாகப் பேசுகிறான் என்று காதைப் பொத்திக்கொள்கிறோம். சான்றிதழ் நகல்களைக் கையில் வைத்துக்கொண்டு பச்சை மையில் கையெழுத்திடும் அதிகாரியைத் தேடித் தெருத்தெருவாய் அலைந்த கதையை நம் தந்தையரிடம் கேட்டால் அந்த நிறத்தைப் பற்றி வேறு மாதிரிச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் பச்சை உடுத்திய முதல் பெண்களைத் தேடினால் சங்க இலக்கியத்திற்குத்தான் போகவேண்டும். அவர்கள் உடுத்தியது பச்சை நிறத் துணியன்று, பச்சையே உடுத்தினார்கள். நொச்சித் தழையும் ஆம்பல் தழையும் கோத்துச் செய்த தழையுடை அது. தலைவன் அதைக் கையுறையாகக் கொண்டு வருவான். பெண் ஏற்றுக்கொண்டால் அவனையே ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். ஏற்பதற்குமுன் அன்னைக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று அஞ்சுவாள். ஆக, அன்றைக்கே பச்சை உடுப்பதில் கொடுத்தவன் யார், பார்க்கிறவர் என்ன சொல்வார் என்கிற இரண்டு கேள்விகள் இருந்தன. இதை இங்கே நிறுத்தி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

துணி நெய்யக் கற்றபின் பச்சை எளிதில் கிட்டவில்லை. உலகமே இலையாய்க் கிடக்கிறது, ஆனால் இலையைப் பிழிந்து துணியில் தேய்த்தால் நாலு வெயிலில் பழுப்பாகிவிடும். ஆகவே சாயக்காரர்கள் அவுரியில் நீலம் ஏற்றி, அதன்மேல் மஞ்சள் ஏற்றிப் பச்சை செய்தார்கள். அந்த மஞ்சள் பெரும்பாலும் முந்திக்கொண்டு வெளுக்கும். ஐரோப்பாவின் பழைய திரைச்சீலைகளில் காடுகள் இன்று நீலமாய் நிற்பது அதனால்தான்.

இந்தக் குறையைப் போக்க வந்தது ஒரு நஞ்சு. 1775இல் சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்துப் பளபளக்கும் பச்சைப் பொடி ஒன்றைக் கண்டார். அதுவும் அதன் தம்பியாக வந்த வேறொரு பச்சையும் ஐரோப்பாவில் சுவர்த்தாளிலும் ஆடையிலும் தலையில் சூடும் செயற்கைப் பூவிலும் ஏறின. 1861இல் இலண்டனில் மெட்டில்டா ஷூரர் என்ற பத்தொன்பது வயதுப் பெண் இறந்தாள். அவள் வேலை செயற்கை இலைகளின்மேல் அந்தப் பச்சைப் பொடியைத் தூவுவது. அவளுடைய கண்ணின் வெண்மைகூடப் பச்சை படர்ந்திருந்ததாக அக்காலச் செய்திகள் கூறின. பச்சை அணிந்து நடனமாடிய சீமாட்டிகளின் மனத்தத்துவத்தை எழுதினவர்கள் இருக்கலாம். இந்தப் பெண்ணைப்போன்ற தொழிலாளிகளுக்கு அந்த நிறம் மனத்தில் என்ன செய்தது என்று கேட்டிருக்கமாட்டார்கள். அவளுக்கு ஏறக்குறைய என் வயதுதான்.

இனி அறிவியலுக்கு வருவோம். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிக நன்றாக உணரும் ஒளி 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியது. அது பச்சை, சற்றே மஞ்சள் சாயல் உடையது. இதைக் கொண்டு 'பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆகவே மனத்துக்கும் குளிர்ச்சி' என்று தாவுகிறார்கள். கண் எளிதில் காண்பதெல்லாம் மனத்திற்கு இன்பம் தரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எங்கள் ஊர் மானாமதுரைப் பக்கம். வானம் பார்த்த பூமி. கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் பச்சைப்பசேலென்று நிற்பது சீமைக் கருவேலம் ஒன்றுதான். அதைப் பார்த்து எங்கள் ஊரில் எவருக்கும் மனம் குளிர்ந்ததில்லை.

2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வேலையைத் தொடங்குமுன் பச்சை நிறத்தைச் சிறிது நேரம் பார்த்தவர்களுக்குப் புதுமையான எண்ணங்கள் கூடுதலாகத் தோன்றின என்று கண்டார்கள். இதைப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் பச்சைச் சட்டை போட்டு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அங்கே பச்சையைப் பார்த்தவர்கள் பயனடைந்தார்கள், உடுத்தியவர்கள் அல்லர். நாம் உடுத்தும் உடையை நம்மைவிட மற்றவர்களே மிகுதியாகப் பார்க்கிறார்கள். என் பச்சைச் சுடிதாரால் யாருக்காவது அறிவு வளர்ந்திருந்தால் அது எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான்!

எனக்குச் சரியென்று படுவது அமெரிக்க ஆய்வாளர்கள் பாமரும் ஷ்லாஸும் 2010இல் வெளியிட்ட கருத்து. ஒரு நிறம் ஒருவருக்குப் பிடிப்பது, அந்த நிறமுள்ள பொருள்கள் அவருக்குப் பிடிப்பதைப் பொறுத்தது என்கிறார்கள். நீலம் பலருக்கும் பிடிக்கிறது. தெளிந்த வானமும் நல்ல தண்ணீரும் அந்நிறம். அழுகலை நினைவூட்டும் மங்கிய நிறங்களைப் பலர் விரும்புவதில்லை. அப்படியானால் நிறத்தின் பொருள் நிறத்தில் இல்லை. நாம் வாழ்ந்த வாழ்வில் இருக்கிறது.

மதுரையில் சித்திரைப் பௌர்ணமியன்று கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது ஆற்றில் திரண்ட கூட்டம் கேட்பது ஒரே கேள்வி: "என்ன பட்டு?" பச்சைப் பட்டு என்றால் அந்த ஆண்டு மழையுண்டு, விளைச்சலுண்டு. சிவப்பு என்றால் கலக்கம். இது மக்கள் நம்பிக்கை. நம்பிக்கை உண்மையா என்ற ஆராய்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். வானம் பார்த்த பூமியிலிருந்து வண்டி கட்டி வந்த ஒரு சனத்திற்குக் கடவுளின் உடையில் எந்த நிறத்தைப் பார்க்கத் தோன்றும்? விவசாய சங்கத்தார் தோளில் பச்சைத் துண்டு போட்டிருப்பதும் அதே கணக்குத்தான். 2017இல் தமிழக விவசாயிகள் தில்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளை முன்னால் வைத்து உட்கார்ந்தபோது அவர்கள் உடம்பில் இருந்தது பச்சைத் துணி. வறட்சிக்கு நிவாரணம் கேட்கப் போனவர்கள் அவர்கள். வயலில் இல்லாத பச்சையைத் தோளில் சுமந்து போனார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இப்போது என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இதை எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான்.

அப்பத்தாவுக்கு இருபத்தாறு வயதில் தாத்தா இறந்தார். அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் ஒரு புரளி கிளம்பிற்று. உடன்பிறந்தான் பச்சைப் புடவை எடுத்துக் கொடுக்காவிட்டால் உடன்பிறந்தாளுக்கு ஆகாதாம். யார் சொன்னது, எந்தச் சாமி சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரே வாரத்தில் கடைகளில் பச்சைப் புடவை தீர்ந்தது; இருந்தவற்றின் விலை ஏறிற்று. என் மாமா ஐந்து வட்டிக்குக் கடன் வாங்கி அம்மாவுக்கு ஒன்று எடுத்து வந்தார். அம்மா புடவையை வாங்கிக்கொண்டு அவரைத் திட்டினாள்.

மறுநாள் மத்தியானம் அப்பத்தாவின் தம்பி வந்தார். ஆடு மேய்க்கிறவர். கையில் மஞ்சள் பை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு பச்சைப் புடவையை எடுத்து அப்பத்தாவின் மடியில் வைத்தார். வீட்டில் பேச்சே இல்லை. எதிர்வீட்டுப் பாட்டி மட்டும், "தாலி அறுத்தவளுக்குப் பச்சை எடுத்திட்டு வந்திருக்கியே, உனக்குப் புத்தி இருக்கா?" என்று கேட்டாள். அவர் நிதானமாகச் சொன்னார்: "கட்டுக்கழுத்திக்கு மட்டும்னு சொல்லலையே ஆத்தா. உடம்பெறந்தாளுக்குன்னுதானே சொன்னாக. இவ எனக்கு உடம்பெறந்தா."

அப்பத்தா அந்தப் புடவையைக் கட்டவில்லை. டிரங்குப் பெட்டியில் வைத்து அந்துருண்டை போட்டாள். ஆண்டுக்கொரு முறை தை மாதம் வெயிலில் காயப்போடுவாள்; கொடியில் போட்டால் தெருவுக்குத் தெரியும் என்று கொல்லையில் கட்டில்மேல் விரிப்பாள். அந்தப் புடவைக்காகத் தம்பி ஒரு கிடாயை விற்றார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதலாண்டில் 'புரளிகளும் பகுத்தறிவும்' என்ற தலைப்பில் பேசி நான் பரிசு வாங்கினேன். பச்சைப் புடவைக் கதையை எடுத்துச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன். மாமாவின் கடனைச் சொன்னேன். கடைக்காரர் ஏற்றிய விலையைச் சொன்னேன். அப்பத்தாவைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பேச்சு அவ்வளவு நேராகப் போயிருக்காது. அந்தப் புரளி முட்டாள்தனம் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஏழைகளின் பையிலிருந்து அது பணம் பறித்தது. ஆனால் பாடப்புத்தகங்களில் நான் படித்த சீர்திருத்தம் எதுவும் எங்கள் வீட்டு வாசல்வரை வந்து அப்பத்தாவின் மடியில் ஒரு வண்ணப் புடவையை வைத்ததில்லை. அந்த முட்டாள்தனத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு மனிதர் அதைச் செய்தார். பச்சை உடுத்துகிறவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று நூல் எழுதுகிறார்கள். உடுத்த விடாதவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது எழுதினால் நான் விலை கொடுத்து வாங்குவேன்.

இந்த ஆண்டு கோடை விடுமுறையில் அப்பத்தாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. அரசு மருத்துவமனை. செவிலியர் ஒருவர் வந்து அவள் வெள்ளைச் சேலையின்மேல் பச்சை அங்கி ஒன்றை மாட்டி, நாடாவைக் கட்டி, உள்ளே நடத்திக்கொண்டு போனார். அறுவைக்கூடத்தில் பச்சை வந்த காரணம் எனக்குத் தெரியும். முன்பு அங்கே எல்லாம் வெள்ளைதான். 1914இல் சான்பிரான்சிஸ்கோவில் ஷெர்மன் என்ற மருத்துவர் வெள்ளையின் கூச்சம் தாங்காமல் பச்சைக்கு மாறினார் என்பார்கள். சிவந்த இரத்தத்தையே நெடுநேரம் பார்த்த கண் வெள்ளையின்மேல் திரும்பினால் பச்சை நிழல்கள் மிதக்கும். துணியே பச்சையானால் அந்தத் தொல்லை இல்லை. இவ்வளவையும் வாசலில் உட்கார்ந்திருந்த என் அப்பாவுக்கு விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்லமுடியாது.

மறுநாள் கண்கட்டு அவிழ்த்தபின் அப்பத்தா என்னைக் கிட்டே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏ தாயி, அந்தப் பச்சையில நான் எப்பிடி இருந்தேன்?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்த அப்பத்தா" என்றேன்.

ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். புடவையை எடுத்துப் பிரித்தோம். இத்தனை ஆண்டு ஒரே மடிப்பில் கிடந்ததால் மடிப்பு வழியே துணி விட்டிருந்தது, கட்டினால் கிழியும். அப்பத்தா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்தாள். "வேற ஒண்ணு எடுப்பமா அப்பத்தா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"வெலை கேட்டுட்டு வா" என்றாள்.