தரையில் நாலு கோடு

அப்பாவுக்குப் பார்க்கின்ஸன் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் வருவது ஈஸிசேர். ‘எழுந்திருக்காதீங்கப்பா, விழுந்துடுவீங்க!’ பாசம்தான். ஆனால் உட்கார உட்கார உடம்பு இறுகி, நிஜமாகவே விழுவார்.

லெவோடோபா மாத்திரையை மணி பார்த்துத் தருபவர்கள், உடற்பயிற்சி என்றால் மட்டும் ‘வயசாச்சே’ என்கிறார்கள். 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயின் ஆரம்பத்தில் இருந்த 128 பேரில், ஆறு மாதம் டிரெட்மில்லில் மூச்சு வாங்க நடந்தவர்களுக்கு நடுக்கமும் இறுக்கமும் ஏறக்குறைய அப்படியே நின்றன. மற்றவர்களுக்கு ஏறின.

வாசற்படி அருகே கால் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுகிறாரா? கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தரையில் குறுக்கே நாலு டேப் ஒட்டி, ‘தாண்டுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு அதே கால் தாண்டிவிடும்!

இதைப் பல டாக்டர்கள் சீட்டில் எழுதுவதில்லை. பிஸியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பாமல் இல்லை. அனுப்புகிறார்கள், இடுப்பெலும்பு முறிந்த பிறகு.