இல்லறப் பக்கம்: பரீட்சையை மறுபடி எழுத வேண்டுமா?



நம் ஆலன் அன்பர்களில் சிலர் தங்கள் குழந்தைகளை டாலஸ் பக்கத்துத் தனியார் பள்ளிகளான செயின்ட் மார்க்ஸ், ஹாக்கடே, கிரீன்ஹில் போன்றவற்றில் சேர்க்க ஆசைப்பட்டு, ஐ.எஸ்.இ.இ. என்னும் நுழைவுப் பரீட்சை எழுத வைக்கிறார்கள். சென்ற மாதப் பூஜையன்று, பிரசாதம் வாங்கிய கையோடு ஒரு தாயார் என்னைத் தனியே அழைத்தார். "ஆறாங் கிளாஸ் படிக்கிறான், மாமி. அம்பத்தஞ்சுதான் வந்திருக்கு. மறுபடி எழுதச் சொல்லட்டுமா?" என்று கேட்கும்போதே குரல் கம்மிவிட்டது. பையன் செருப்பு வைக்கும் இடத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

முதலில் அந்த 55 என்ன என்று பார்ப்போம். நம் ஊர்ப் பழக்கத்தில் அதை நூற்றுக்கு 55 மார்க் என்று எண்ணி மனம் நொந்துபோகிறோம். அது மார்க் அல்ல; வரிசையில் குழந்தை நிற்கும் இடம். கடந்த மூன்று ஆண்டுகளில் அதே வகுப்புக்காக இப்பரீட்சையை எழுதியவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சமமாகவோ மேலாகவோ எழுதியிருக்கிறான் என்று பொருள். வரிசையில் நிற்பவர்களும் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் அல்லர். இத்தகைய பள்ளிகளுக்கென்றே தயாராகி வந்தவர்கள். இதையே 1 முதல் 9 வரை படிகளாகவும் தருவார்கள். 40 முதல் 59 வரை ஐந்தாம் படி. அதாவது நட்ட நடு. அது தோல்வி ஆகாது.

அடுத்தது, எத்தனை முறை எழுதலாம் என்பது. ஆகஸ்டு முதல் நவம்பர் வரை ஒரு பருவம், டிசம்பர் முதல் மார்ச் வரை ஒன்று, ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒன்று. பருவத்துக்கு ஒரு முறைதான் எழுதலாம். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் குளிர்காலத்திலேயே வந்துவிடுவதால், கைக்கு எட்டுவது இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். கெடு தேதியையும், எந்தப் பருவத்து மதிப்பெண்ணை ஏற்பார்கள் என்பதையும் பள்ளியிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த வாய்ப்பைப் பயன்படுத்தலாமா? பையனை அருகே அழைத்து, "பரீட்சை அன்று என்னப்பா நடந்தது?" என்று கேட்டேன். "டைம் பத்தலை, மாமி. தெரியாததை விட்டுடுன்னு அப்பா சொன்னார். நிறைய விட்டுட்டேன்" என்றான். தகப்பனார் மேல் குற்றமில்லை. நம் ஊர் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் தவறான விடைக்கு மார்க்கைக் குறைப்பார்கள். அந்தப் பயம் அவருக்கு. இந்தப் பரீட்சையில் அப்படிக் குறைப்பதில்லை. சொல்லறிவுப் பகுதியில் 20 நிமிஷத்தில் 40 கேள்விகள். தெரியாவிட்டாலும் ஏதேனும் ஒன்றைக் குறித்துவிட்டு மேலே போக வேண்டும். இது திருத்தக்கூடிய காரணம். ஆகவே, "அவனுக்கு இஷ்டமிருந்தால் இன்னொரு முறை எழுதட்டும்" என்றேன். காய்ச்சலோடு எழுதிய குழந்தைக்கும், பள்ளியில் இன்னும் நடத்தாத கணக்குப் பாடம் கேள்வியாக வந்து திகைத்த குழந்தைக்கும் இதையே சொல்வேன்.

ஆனால் உடம்பு நன்றாக இருந்து, எல்லாக் கேள்விக்கும் நேரத்துக்குள் விடை எழுதி, வந்த மதிப்பும் வகுப்பில் அவன் படிக்கும் தரத்துக்கு ஒத்திருந்தால், மறுபடி எழுதிப் பெரிய மாற்றம் வருவது அரிது. பள்ளிகள் இதை மட்டுமே பார்ப்பதுமில்லை. வகுப்பு மதிப்பெண், ஆசிரியர் கடிதம், நேர்காணல் எல்லாம் உண்டு. பரீட்சையில் எழுதும் கட்டுரைக்கு மார்க்கே கிடையாது; எழுதியபடியே பள்ளிக்குப் போய்விடும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. பெருமைக்குரிய தகுதி அல்ல. என் மகனை இரண்டாம் முறை எழுத வைத்தவள் நான். காரணம் எதுவும் ஆராயவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாங்கியது அதிகம் என்பதே காரணம். சனிக்கிழமை மிருதங்க வகுப்பை நிறுத்தினேன். படி ஏறவில்லை. அவன் பொதுப் பள்ளியிலேயே படித்து நல்ல நிலைக்கு வந்துவிட்டான். அந்தப் பரீட்சையைப் பற்றிப் பல வருஷம் கழித்து ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "ரிசல்ட் வந்த அன்னிக்கு நீ சாப்பிடலை, அம்மா."

பலனில் பற்று வைக்காதே என்ற கீதோபதேசத்தை ஞாயிறு பாலவிகாரில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதை முதலில் கடைப்பிடிக்க வேண்டியவர்கள் பெற்றோர்களாகிய நாம். காரணம் இருந்தால் மறுபடி எழுதட்டும், இல்லையேல் விட்டுவிடுங்கள். எப்படியானாலும், ரிசல்ட் வரும் நாளில் வீட்டில் வழக்கம்போல் சமையல் நடக்கட்டும், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.